கரடியனாற்றுச் சனிக்கிழமைகள்

கல்லடி
14.09.2025

அன்புள்ள மகள் விதுர்ஷாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடியில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் உடம்பளவில் சுகம். போனில் சொல்லாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். கரடியனாற்றுக் குதிரைப் பண்ணை வெள்ளத்தோடு மூடப்பட்டது என்று ஜனவரியில் சொன்னேனே, அது பொய். பண்ணை தொடர்ந்து நடக்கிறது. தம்பி லக்ஷனை அங்கே கூட்டிப்போகாமல் விட்டவன் நான்.

சுவிஸில் இருந்துகொண்டே, தம்பியைப் போன்ற ஓட்டிசப் பிள்ளைகளைக் குதிரையோடு பழக விடும் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து, அதை நடத்தும் உதயரூபனோடு பேசித் தம்பியைச் சேர்த்துவிட்டவள் நீ. அந்த உதயரூபன் என்னிடம் படித்தவன் என்பதை நான் உனக்குச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் அவன் கணக்கைப் பிழையாகச் செய்தபோது, நீ மாடு மேய்க்கத்தான் சரி என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் பண்ணைப் படலையைத் திறந்தவன், "சேர் மாடெண்டு சொன்னீங்க, நான் கொஞ்சம் முன்னேறிக் குதிரைக்கு வந்திட்டன்" என்று சிரித்தான். பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் என்னைப்போல, தனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அதிபராகிவிட, உப அதிபராகவே ஓய்வுபெறப் போகிறவனுக்கு யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் இருக்கும். அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன்.

பண்ணையில் நடப்பது, கட்டாரில் குதிரை லாயத்தில் வேலை செய்தபோது அவன் பழகிய முறை. யாரையும் குதிரையில் ஏற்றுவதில்லை. பிள்ளை வேலிக்குள் கதிரையில் இருக்கும், குதிரை தன்பாட்டில் புல் மேயும், அதுவாக வந்தால்தான் தொடலாம். செம்பி என்ற அந்த வயதான பெண்குதிரை மூன்று சனிக்கிழமை தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாலாவது கிழமை வந்து அவன் தோளில் மூக்கை வைத்தது. தலையில் சீப்புப் பட்டாலே கத்துகிறவன், இருபத்துமூன்று வயதில் முதல்முறையாகக் கைகளை உதறாமல் அசையாமல் இருந்தான். அன்று உனக்குச் சொன்னபோது நீ போனில் அழுதாய். எனக்கு அது போதவில்லை மகள். இன்னும் வேகமாக வேண்டும் என்று நினைத்தேன். ஏடு தொடக்கும் நாளில் எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், அடுத்த கிழமை வேலிக்குள் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குதிரையின் கழுத்தில் வைத்து அழுத்தினேன். அது மிரண்டு விலகியது, தம்பி விழுந்து அலறினான். உதயரூபன் ஓடிவந்து, "சேர், கையப் புடிச்சி எழுத்துப் பழக்கிற இடமில்ல இது, வேலிக்கு அங்கால போய் நில்லுங்க" என்றான். ஏறாவூரிலிருந்து மகளைக் கூட்டிவரும் முப்லிஹா, "நம்மட புள்ளையள விட சேருக்குத்தான் அவசரம்" என்று மெல்லச் சொன்னதும் காதில் விழுந்தது. அப்படியே தம்பியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். சனிக்கிழமை என்று அவனுக்கு எப்படித் தெரியுமோ, விடிந்ததும் இறப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். இன்றைக்கு வெள்ளி என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு சப்பாத்தை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டேன். அவன் வெறுங்காலோடு வந்து நின்றான். உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவின் வாயையும் அடைத்தேன். ஆகவே உன் கோபத்தை அம்மாவிடம் காட்டாதே.

போன சனிக்கிழமை நான் வந்தாறுமூலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்த நேரம், அம்மா அவனைப் பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் சத்தம் போட்டேன். "உங்கட மரியாதைக்கு அவன்ட எத்தின சனிக்கிழமையத் திண்டுட்டீங்க, இன்னும் பசியா?" என்று கேட்டாள். முப்பது வருடத்தில் கேதீஸ்வரி என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பிறகு அங்கே நடந்ததையும் சொன்னாள். செம்பி இந்த முறை தாமதிக்கவில்லையாம், கிட்டவே வந்து நின்றதாம். தம்பி அதைப் பார்க்கவே இல்லையாம். முழு நேரமும் படலையையே பார்த்துக்கொண்டு இருந்தானாம். என்னைத் தேடியிருக்கிறான் என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. "தேடி இல்ல, நீங்க வந்து இழுத்துப்போடுவீங்க எண்ட பயத்தில" என்றாள் அம்மா.

உதயரூபனிடம் மன்னிப்புக் கேட்க இரண்டுமுறை போனை எடுத்தேன், இலக்கத்தை அழுத்தவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இனி ஒவ்வொரு கிழமையும் அம்மாதான் அவனைக் கூட்டிப்போவாள், நான் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று இருவருக்கும் சொல்லிவிட்டேன். நேற்று அப்படித்தான் போனார்கள். போகும்போது அவன் இரண்டுதரம் திரும்பிப் பார்த்தான். நான் எழும்பவில்லை என்று கண்ட பிறகுதான் வேகமாக நடந்தான்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். குளிரில் காது மூடாமல் வெளியே போகாதே. தம்பியோடு பேச நினைத்தால் சனிக்கிழமை காலையில் எடுக்காதே, அவன் வீட்டில் இருக்கமாட்டான். நான் மட்டும்தான் இருப்பேன்.

உன் அப்பா,
வினாயகமூர்த்தி