தண்ணி ஒத்துக்கல

இன்று காலை குளிக்கப் போனவள் வெளியே வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. சோப்பு போகவே மாட்டேன் என்கிறது. எத்தனை சொம்பு ஊற்றினாலும் கை வழவழ என்றே இருக்கிறது. தண்ணீர் மிஷினை மாட்டிய தம்பி சொல்லிவிட்டுத்தான் போனார், உப்பு நீங்கின தண்ணீர் அப்படித்தான் இருக்கும், சோப்பு போகவில்லை என்று நினைக்காதீர்கள் என்று. பதினோரு வருஷம் நுரையே வராத தண்ணீரில் குளித்த உடம்புக்கு அது எங்கே புரியும்? ஆமாங்க, வந்துவிட்டது. சமையலறை, பாத்ரூம், கொல்லைக் குழாய் என்று வீடு முழுக்க நல்ல தண்ணீர். பார்க்க நீங்கள்தான் இல்லை.

வெளிநாட்டில் இருபது வருஷம் உழைத்து, ஆவுடையார்கோவில் பக்கம் உங்கள் அப்பா விட்டுப்போன இடத்தில் இந்த வீட்டைக் கட்டினீர்கள். போர் போட்டுத் தண்ணீர் பீறிட்டு வந்த அன்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவ்வளவு தண்ணீர் இல்லை. சோப்பு நுரைக்கவில்லை என்று முதலில் சொன்னவள் நான்தான். புதுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை லேபில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, உங்கள் பின்னால் வந்தவள் வேறு என்னத்தைச் சொல்வாள்?

அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன் அந்த வார்த்தையை. ஏன் இளைத்துப் போனாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், தண்ணி ஒத்துக்கல. முடி கொட்டினால், தூக்கம் வராவிட்டால், அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் திரும்பாமல் இருந்தால், எல்லாவற்றுக்கும் அதே பதில். நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். இந்தத் தண்ணியில் பருப்பு வேகுதா பாருங்க என்று தட்டை நங்கென்று உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். பருப்பு நன்றாகத்தான் வெந்திருக்கும். நீங்கள் சாப்பிட்டு எழுந்து, ஷவரைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாக ஊசியால் உப்பைக் குத்தி எடுப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில், சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்த மகனிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது இது ஒன்றுதான். "அம்மாவுக்கு நல்ல தண்ணிக்கு ஒரு வழி பண்ணிருடா. அவ அதுலதான் ரொம்பக் கஷ்டப்பட்டா." கட்டில் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

போன மாதம் மிஷின் கடைத் தம்பி டவுனிலிருந்து வந்தார். டேங்க் தண்ணீரைச் சின்னப் புட்டியில் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினார். சிவப்பு நீலமாக மாறுகிறவரை எத்தனை சொட்டு போகிறதோ அவ்வளவு உப்பாம். பதினெட்டு என்றார். பத்தொன்பது, தம்பி என்றேன். அவர் திகைத்துப் போய் வேறு தண்ணீர் பிடித்து மறுபடி எண்ணினார், பத்தொன்பதுதான். லேபில் பழகின கண் இன்னும் அப்படியே இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் என்னவோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் ஒருத்திதான் என்றேன். அப்படியென்றால் சின்னதே போதும் என்று படத்தைக் காட்டினார். போனில் கேட்டுக்கொண்டிருந்த மகன், நாங்கள் நாலு பேரும் லீவுக்கு வருவோம்ல, பெரியதே போடுங்கள் என்றுவிட்டான். அந்தத் தம்பி இழுத்தார். பெரிய மிஷினில் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே நாற்றம் எடுத்துவிடும், தினமும் ஆள் புழங்க வேண்டும், மிஷின் தன்னைக் கழுவிக்கொள்ளப் போடுகிற உப்பு குறையக் குறையக் கொட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, "வீட்டப் பூட்டிட்டு மட்டும் எங்கிட்டும் போயிராதீங்கம்மா" என்றார்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். எனக்கு மிஷினே வேண்டாம், பழைய லேபில் இப்பவும் வரச் சொல்கிறார்கள், டவுனில் ஒரு ரூம் எடுத்துப் போய்விடுகிறேன் என்று. அப்பாவின் கடைசி ஆசை என்று நிற்கிறவனிடம் எந்த வாயால் சொல்வது? பெரியதையே மாட்டினார்கள்.

நேற்று மகன் கூப்பிட்டான். "அப்பா சொன்னதச் செஞ்சிட்டேன்மா. இனிமே ஒனக்கு அங்க ஒரு கொறையும் இல்லைல்ல?"

இல்லப்பா என்றேன். குறை என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒன்றையும் குழாயை வெட்டி மிஷின் மாட்டி எடுத்துவிட்டார்களே.

எனக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லைங்க. இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டியதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பீர்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். எட்டாம் நாள் வண்டி பிடித்து என்னை டவுனுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். அது எனக்கு அப்போதே தெரியும்.