கப்பல் ஊதினால் திறக்கும் வங்கி

அனுப்புநர்:
ஷரீபா, க/பெ ஜாபர்,
மளிகைக் கடை, ஜெட்டி சாலை,
லாங் ஐலண்ட், மத்திய அந்தமான்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
தீவுச் சிறு வங்கிகள் ஆய்வு அலுவலகம்,
போர்ட் பிளேர்.

பொருள்: எங்கள் ஜெட்டி கூட்டுறவு வங்கி "செயல்படவில்லை" என ஒட்டப்பட்ட அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பும் அன்பும் கலந்த வணக்கம் ஐயா,

1. எங்கள் வங்கி உயிரோடு இருக்கிறது. இன்று காலை அதைக் கண்ணாரக் கண்டேன். அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை. மனுவில் எங்கேனும் குரல் உயர்ந்தால் பொறுத்தருளவும்.

2. அறுபதுகளின் கடைசியில் இங்கிருந்த மர ஆலைத் தொழிலாளர்கள் சம்பளத்தைப் போட்டுவைக்கப் போர்ட் பிளேர் வரை போக வேண்டியிருந்தது. போய்வரும் செலவிலேயே பாதி கரைந்துவிடும். ஆலைக் கணக்கர் குழந்தைவேலுவும் என் மாமனார் சேக் தாவூத்தும் எங்கள் கடையின் பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்து இந்த வங்கியைத் தொடங்கினார்கள்; பிறகு அது கடைக்கு எதிரே தனி அறைக்கு மாறியது. தமிழர், வங்காளிகள், தெலுங்கர், ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் இதில் பங்குதாரர்கள்.

3. கப்பல் வரும் நாளில்தான் சுற்றுக் குடியிருப்புக்காரர்கள் படகேறி இந்த ஜெட்டித் துறைக்கு வருவார்கள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் அப்போதுதான் பணம் வேண்டும். ஆகவே கப்பல் ஊதியதும் வங்கி திறக்கும், கப்பல் புறப்பட்டதும் பூட்டும். விடியற்காலையானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. என் மகள் நிதா பிறந்த பிரசவம் சிக்கலானபோது அப்படித் திறந்த கதவால்தான் நான் பிழைத்தேன்.

4. தங்கள் ஆய்வாளர் ஹெலிகாப்டரில் வந்தார். கடல் கொந்தளிப்பால் அன்று கப்பல் இல்லை. பூட்டைப் பார்த்தார், "செயல்படவில்லை, கொடுக்கல் வாங்கல் நிறுத்தப்படுகிறது" என்ற தாளை ஒட்டினார், அதே ஹெலிகாப்டரில் பறந்துவிட்டார். வங்கிச் செயலாளர் சிவபிரகாஷ் எதிரே என் கடையில்தான் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது, வந்ததென்றே எழுதுகிறேன்.

5. இன்று கப்பல் ஊதியது. தீவே ஜெட்டிக்கு ஓடி வந்தது. போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று சிவபிரகாஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐயா, ஒருவர்கூடக் கேட்கவில்லை! எல்லோரும் பணம் போட வந்திருந்தார்கள்! மீன் விற்கும் பொன்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, "அரே பாபு, பேங்க் பந்த், மூடியாச்சுன்னு எவன் சொன்னான்? இந்தா, ஜமா பண்ணு" என்றார். அறிவிப்பு இருப்பதால் சிவபிரகாஷ் ஒரு பைசாகூட வாங்கவில்லை. அதற்காக வரிசையும் கலையவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

6. அந்த வரிசையில் நின்று, அரிசி மூட்டையின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். இதே கப்பலில் மனு தங்களிடம் வருகிறது. எனக்குப் பின்னால் நிற்கும் நாகலிங்கத்தின் மனைவி அடுத்த கப்பலில் சிகிச்சைக்குப் போக வேண்டும். அவர்கள் சேமிப்பு முழுவதும் உள்ளே இருக்கிறது.

7. ஆகவே அடுத்த கப்பலுக்குள் தடையை நீக்கி உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். முடிந்தால் தாங்களே அதில் வாருங்கள். இத்தனை பேர் கூடியும், கோபம் இருந்தும், கதவில் ஒட்டிய தாளின் ஓரத்தைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அதைத் தங்கள் கையாலேயே எடுக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம்.

இடம்: லாங் ஐலண்ட்
நாள்: 17.06.2025

வரிசையில் நிற்கும் அனைவருக்காகவும்,
ஷரீபா