சுறாமீன் எண்ணெய்க்கு ஒரு கையெழுத்து

ஆனி 5, திங்கள்

விடாத மழை. செய்ய வேண்டியவை: அடுக்களை ஓடு மாற்ற, குடைக்கம்பி, நான்காம் வகுப்பு நோட்டுகள் திருத்த.

மகள் உமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். இரண்டரை வயதாகிறது, பிடிக்காமல் நிற்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெளிப்பக்கம் வளைவு. எலும்பில் உறுதி இல்லை என்கிறார் டாக்டர். பாலிலும் கேழ்வரகிலும் இருக்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய்ச் சேர வைட்டமின் டி வேண்டுமாம். வெயிலில் கிடைக்கும். இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போக? ஆகவே சுறாமீன் எண்ணெய், தினம் ஒரு கரண்டி.

நாங்கள் சைவம் என்றேன். மருந்தில் என்ன சைவம் என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனி 9, வெள்ளி

தூறல். புதன்கிழமை முதல் ஆஸ்பத்திரி நர்ஸ் வீடு வீடாக வருகிறாள். கையில் பெரிய ரெஜிஸ்டர். பிள்ளை பேர், தகப்பன் பேர், வீட்டுப் பேர், வயது. கடைசியில் கையெழுத்து. போட்டால் ஒரு குப்பி எண்ணெய் இனாம். எல்லாம் மலையாளத்தில்.

எண்ணெய்க்கு எதற்குக் கையெழுத்து? நம் தாலுகா தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று ஊரே கொதிக்கிற நேரம். நாளைக்கு டில்லியில் இந்த நோட்டை விரித்து, பாருங்கள், இத்தனை வீடும் மலையாளம் என்பார்கள். சாயாக்கடையில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கப்பன் மட்டும் வெளிறிப் போனான். கிழக்கு விளையில் மரச்சீனிக் கிழங்கு பயிர் போடுகிறவன். அவன் மகனுக்கும் உமாவைப் போலவே கால். புதன்கிழமையே கையெழுத்துப் போட்டுக் குப்பி வாங்கியிருந்தான். ஓடிப்போய்க் குப்பியைத் திருப்பிக் கொடுத்து, பேரை வெட்டச் சொல்லிவிட்டு வந்தான்.

எனக்குப் பெருமைதான். ஒரு வீடாவது தப்பியது.

வீட்டில் சிவகாமியிடமும் சொன்னேன். சரி என்றாள். என் மனைவி இவ்வளவு சீக்கிரம் சரி என்கிற ஆள் இல்லை.

ஆடி 2, செவ்வாய்

வீட்டில் மீன் நாற்றம். சந்தேகங்கள்:
1. பின்பக்க ஓடை.
2. அடுத்த வீட்டுக் காற்று.
3. பால்காரி. மீன் கழுவின செம்பில் பால் அளக்கிறாளோ?

சிவகாமி ஓடைதான் என்கிறாள். அடுத்த வீட்டுப் பூனை உமாவை விட்டு நகர்வதில்லை. வாயை நக்க வருகிறது. விரட்டினேன்.

ஆவணி 14, புதன்

நல்ல வெயில். உமா கதவைப் பிடித்து நின்றாள். விட்டாள். ஆறு அடி நடந்தாள். நான் அழுதேன். டைரியில்தானே, எழுதலாம்.

எல்லாம் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் செய்த வேலை. பள்ளியில் சொன்னேன், சாயாக்கடையில் சொன்னேன், தங்கப்பனிடமும் சொன்னேன். சிவகாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஆவணி 20, செவ்வாய்

புளி எடுக்கப் பானைக்குள் கையை விட்டேன். குப்பி. மலையாள லேபிள். இரண்டாவது குப்பியாம் இது, பாதி காலி.

சிவகாமி கொஞ்சம்கூடப் பதறவில்லை. "ஆமா, நான்தான் வாங்கினேன். கையெழுத்தும் போட்டேன், மலையாளத்திலே. நான் படிச்ச பள்ளிக்கூடம் அதாக்கும். நீங்க எல்லையை எங்க வேணும்னாலும் போடுங்க. எனக்க பிள்ளைக்க காலு வளைஞ்சு போனா எந்த ராச்சியத்துல கொண்டு நிமித்த?"

எனக்குக் கோபம். சாப்பிடவில்லை.

ஆவணி 21, புதன்

அரைநாள் லீவு. ஆஸ்பத்திரியில் ரெஜிஸ்டரைக் கேட்டேன். நர்ஸ் தயங்காமல் விரித்துக் காட்டினாள். பேர், வயது, காலின் நிலை, கொடுத்த குப்பி. கையெழுத்து எதற்கென்றால், ஒரே வீடு ஒரே மாதத்தில் இரண்டு தரம் வாங்காமல் இருக்க. தாய்மொழி என்று ஒரு கட்டம்கூட இல்லை. நம்பாமல் பின் அட்டைவரை புரட்டினேன். வெறும் தாள்.

தங்கப்பன் மகன் பேர்மேல் சிவப்புக் கோடு. திரும்ப எழுதுங்கள் என்றேன்.

"தீர்ந்நு போயி சாரே. இனி எப்போ வரும்ந்நு அறியில்ல."

எண்ணெயே தீர்ந்துபோயிற்றாம். வழி முழுக்க யோசனை. புளிப்பானையில் அரைக்குப்பி இருக்கிறது. தங்கப்பனுக்குக் கொடுத்தால் உமாவுக்கு? அதோடு, உங்களுக்கு ஏது என்று கேட்பான். உண்மையில் இரண்டாவது பயம்தான் பெரிது. வெட்கமாக இருக்கிறது.

ஆவணி 25, ஞாயிறு

மேகம். குடைக்கம்பி இன்னும் மாற்றவில்லை.

தங்கப்பன் வந்தான். மகன் இடுப்பில், நான்கு வயது. உமா முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் அவள் காலையே பார்த்தான்.

"வாத்தியாரே, முருங்கைக்கீரையாக்கும்னு சொன்னியளே. தினமும் குடுக்கேன். எனக்க மரத்துல இலை தீந்து போச்சு. உங்க மரத்துல ரெண்டு கொப்பு ஒடிச்சுக்கட்டா?"

ஒடித்துக்கொள் என்றேன். மகனை முற்றத்தில் உட்காரவைத்துவிட்டுக் கை நிறைய ஒடித்தான். உமா பையனிடம் போனாள். பின்னாலேயே பூனை. எட்டி அவள் வாயை முகர்ந்து நக்கியது. மகனைத் தூக்கக் குனிந்தவனுக்கு அந்த மீன் எண்ணெய் வாடை அடித்திருக்கும். இரண்டு நாள் அந்தக் குப்பியை வீட்டில் வைத்திருந்தவன்தானே.

பூனையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கீரையைப் படியில் வைத்துவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.