கட்டைவிரல் இல்லாத படங்கள்

மார்ச் 4, செவ்வாய்

புது ஊர். விடுதியில் முதலில் மூன்றாவது மாடி கொடுத்தார்கள். வேண்டாமென்று கீழே மாற்றிக்கொண்டேன். வாசலுக்குக் கிட்ட அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிற வேகத்தைப் பார்த்த பிறகே பெட்டியை உள்ளே வைப்பது. பேத்தி இதற்கெல்லாம் 'பாட்டி சட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். விடுதிக்காரர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னம்மா, வீடு வாங்க வந்த மாதிரி பார்க்கறீங்க?"

"வாங்கறதா இருந்தா சுவத்தையும் தட்டிப் பார்த்திருப்பேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினேன். இரண்டாவது சாவிக்கு.

"ஒருத்தர்தானேம்மா?"

ஆமாம். ஒருத்தர்தான்.

மார்ச் 5

இணையத்தில் இருக்கும் நம் பக்கத்தில் இந்த ஊர்ப் பாலத்தைப் பற்றி எழுதிப் போட்டேன். ஃபோனில் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி முடிப்பதற்குள் காலைப்பொழுது போய்விட்டது. 'தனியாகப் போவதில் ஒரு சுகம் உண்டு. யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம்' என்று கடைசியில் சேர்த்தேன். அந்த வரிக்குத்தான் நிறையப் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

ஊருக்கு எழுதியது அது. எனக்கு எழுதுவது இது: டீக்கடையில் உட்கார்ந்ததும் வாய் தானாக "ரெண்டு டீ" என்றது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வீம்பு விடவில்லை. இரண்டையும் குடித்தேன். இரண்டாவது ஆறிப்போயிருந்தது.

மார்ச் 7, வெள்ளி

பேத்தி ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. அன்னைக்கு என்னதான் நடந்துச்சு தையல் பாட்டி?"

அவளுக்கு நான் தையல் பாட்டி. அவள் அம்மாவைப் பெற்றவள். தையல் கடை வைத்து அந்தக் கடை மாடியிலேயே இன்றுவரை குடியிருப்பவள். ஆபீஸ் பாட்டி என்பது அவள் அப்பாவைப் பெற்ற என் சம்பந்தியம்மா. மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி வளர்ந்தது அவர் வீட்டில். ஃபோனில் ஒன்றும் சொல்லவில்லை. என்றைக்காவது இந்த நோட்டை அவள் படிக்கட்டும், முழுசாக எழுதி வைக்கிறேன்.

சம்பந்தியம்மாவும் நானும் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பியபோது பேத்திதான் எங்களுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். 'ரெண்டு பெட்டி' என்று பெயர். எழுதுவது நான், படம் பிடிப்பது அவர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு விடுதியின் சாப்பாட்டு அறையில் ஓர் அம்மாள் ஓடி வந்தாள். "ரெண்டு பெட்டி எழுதறவங்கதானே?" கேட்டது என்னைப் பார்த்து இல்லை. மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவைப் பார்த்து. "படிச்சவங்க எழுத்துன்னு பார்த்தாலே தெரியுதுங்க" என்று அவர் கையை வேறு பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தார். "ரொம்ப சந்தோஷங்க" என்றார். நான் பக்கத்தில் தண்ணீர் ஜாடி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "எழுதறது இவங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?"

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க? எது வரைக்கும் படிச்சிருக்கீங்கம்பாங்க. அத்தனை பேர் முன்னாடி அஞ்சாவதுன்னு சொல்லிட்டு நிப்பீங்களா? உங்க மானத்தைக் காப்பாத்தினேன் சம்பந்தி."

"என் மானம் ஒண்ணும் கீழ விழுந்து கெடக்கலை, நீங்க பொறுக்கி எடுத்து வைக்க."

"அப்போ இனிமே நீங்களே பார்த்துக்குங்க."

"பார்த்துக்கறேன். மிச்ச ஊரெல்லாம் ஒண்டியாப் போய் முடிச்சுக் காட்டறேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அவர் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். குறட்டை வரவில்லை. விழித்திருந்தால்தான் அவருக்குக் குறட்டை வராது.

பாதியில் திரும்பினால் தோற்றது நான். முதலில் ஃபோனை எடுத்தாலும் தோற்றது நான். அவரும் இதையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படியே போனால் ரெண்டு பெட்டி இனிமேல் ஒரு பெட்டிதான்.

மார்ச் 8

மழை. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று யாரிடம் சொல்ல?

மார்ச் 11, செவ்வாய்

அடுத்த ஊர். பஸ்ஸில் ஜன்னல் இருக்கை. அது கிடைக்கவில்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன், அப்படி ஒரு பிடிவாதம். சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "இந்த ஒரு தடவை நான் உக்காரட்டுமே." "எனக்குக் காத்து வேணும்" என்று உட்கார்ந்துவிடுவேன். அதற்குப் பழிவாங்குகிற மாதிரி என் மடிமேல் எட்டி, வழியில் தெரிகிற பலகையையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வருவார். சிமெண்டு விற்பவன் பெயர், பள்ளிக்கூடம், பல் டாக்டர், ஊர்ப் பெயர், இன்னும் எவ்வளவு தூரம். படித்தவர் என்று பஸ்ஸுக்கே தெரிய வேண்டுமா? பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன்.

இன்று யாரும் படிக்கவில்லை. பக்கத்தில் ஓர் இளம்பெண், காதில் பாட்டு. இறங்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

'ரெண்டு பெட்டி'யில் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'இப்போதெல்லாம் படம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே, அந்தக் கட்டைவிரல் எங்கே?' சம்பந்தியம்மா எடுக்கும் படம் எல்லாவற்றிலும் ஓரத்தில் அவர் கட்டைவிரல் வந்துவிடும். எத்தனை சொன்னாலும் திருந்தாது. அந்தக் கேள்விக்கு இதுவரை நான் பதில் போடவில்லை. இன்னொருவர், 'உங்கள் முகத்தையும் காணோமே' என்கிறார். என் முகத்தை நானே எப்படி எடுப்பது? முயன்று பார்த்தேன். மூக்கும் மேற்கூரையும்தான் படத்தில் விழுந்தன.

மார்ச் 12

விடுதித் திரைச்சீலையில் தையல் விட்டிருந்தது. ஊசிநூலை எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். போகிற இடத்திலெல்லாம் இதுவும் என் வழக்கம். பெருக்க வந்த அம்மாள் "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றாள். பொழுது போக வேண்டாமா?

வாசகர்கள் கேட்கிறார்களாம், 'பயணத்தில் உங்கள் பழக்கங்கள் என்னென்ன' என்று ஒரு பதிவு போட வேண்டுமாம். பேத்தி சொல்கிறாள். அதற்கென்ன, போட்டால் போச்சு.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை இன்றைக்கு.

இந்த ஊர் பஸ் நிலையத்தில் பலகை கிடையாது. பஸ் நெற்றியில் சிவப்பு விளக்கு எழுத்து ஓடுகிறது. நான் முதல் எழுத்தைக் கூட்டி அடுத்த எழுத்துக்கு வருவதற்குள் ஊர்ப் பெயரே ஓடிப் போய்விடுகிறது. மறுபடி வரும், மறுபடி ஓடும். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரெல்லாம் சுற்றி எழுதுகிறவள், பஸ் எங்கே போகிறது என்று போய்க் கேட்பதா? தெரிந்த மாதிரி ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம்.

வெகுதூரம் போன பிறகு கண்டக்டர் வந்தார். "இது அந்தப் பக்கம் போகாதே. முன்னாடி போர்டு ஓடுச்சே, பார்க்கலையாம்மா?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலைப்பா" என்றேன். நான் கண்ணாடி போடுவதே இல்லை.

ஒரு கூட்டுரோட்டில் இறக்கிவிட்டார். நிழற்குடையில் நானும் பெட்டியும். எதிரே பெரிய நீலப் பலகை. வேலை என்ன இருக்கிறது, அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பொறி தட்டியது.

அவங்க எதுக்கு எல்லாத்தையும் சத்தமாப் படிச்சாங்க? பல் டாக்டரைப் படிச்சா ஊர்ப் பேரையும் படிச்சிடலாம். எல்லாத்தையும் படிச்சா எதை எனக்காகப் படிக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியலையே! இத்தனை ஊர் சுத்தியிருக்கோம், இது என்ன பஸ், எங்க எறங்கணும்னு ஒரு நாளாவது நான் யாரையாவது கேட்டிருக்கேனா? கேக்க விட்டாங்களா?

ரெண்டு வருஷமா மடிமேல எட்டி எட்டி... நான் பெருமை அடிச்சுக்கறாங்கன்னு நெனைச்சேன்.

திரும்பிப் போகிற பஸ் வரும்வரை அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 15

பழக்கங்கள் பதிவை எழுத உட்கார்ந்தேன். என்னவெல்லாம் செய்கிறேன் என்று யோசித்தேன்: பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது. விடுதிப் பெயரைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வண்டிக்காரருக்குக் காட்டுவது. தலையணைக்குச் சொந்த உறை. பையில் எப்போதும் ஒரு பன். செருப்பை வாசல் பார்த்து விடுவது. எழுதிக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டேன். இதில் என் பழக்கம் எது? எல்லாம் அவர் செய்து செய்து எனக்கு ஒட்டியது. தனியாக வந்தும் அவர் சொன்னபடிதான் நடக்கிறேன். கதவை இழுத்துப் பார்த்தேனா என்று கவனிக்க ஆள் பின்னால் நிற்கிற மாதிரி.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த அம்மாளிடம் அவர் மறைத்தார், சரி. பக்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அஞ்சாவது என்று நானாவது எங்கேயாவது எழுதினேனா?

மார்ச் 16, ஞாயிறு

போட்டுவிட்டேன். பேத்தியிடம்கூடக் காட்டவில்லை. ஆரம்பம் இப்படி:

'நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். தையல் கடை நடத்தியவள். இந்தப் பக்கத்தில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதியது. கட்டைவிரல் உள்ள படமெல்லாம் என் சம்பந்தியம்மா பிடித்தது. நீங்கள் கேட்ட பழக்கங்களில் ஜன்னல் இருக்கை, குழாய், ஊசிநூல் மூன்றும் என்னுடையவை. மற்றதெல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை.'

பலகை படிக்கிற பழக்கத்தை மட்டும் எழுதவில்லை. அது ஊருக்குச் சொல்கிற விஷயம் இல்லை.

மார்ச் 17

நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். யார் யாரோ அம்மா என்கிறார்கள், ஆத்தா என்கிறார்கள். வர வேண்டிய இடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. சோறு இறங்கவில்லை, பன்னைத் தின்றேன்.

மார்ச் 19, புதன்

மத்தியானம் ஃபோன் அடித்தது. அவர்தான். எடுத்தேன். பின்னால் அவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே சம்பந்தி."

"சொன்னேன்."

"நீங்க கூச்சப்படுவீங்கன்னுதான் நான்..."

"எனக்கென்ன கூச்சம்? அஞ்சு வரைக்கும் ஒழுங்காத்தான் படிச்சேன். ஆறாவதுல சேர்த்து விடாதது எங்க வீட்டுப் பெரியவங்க தப்பு."

சிரித்துவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

"அந்தம்மா கையைப் பிடிச்சப்ப எனக்குக் கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சு சம்பந்தி. அதையும் சொல்லிடறேன். ஆபீஸ்ல யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை."

நான் சொன்னேன்: "போன வாரம் பஸ் மாறி ஏறிட்டேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் எப்படி, ஏன் என்று குடைந்திருப்பார்கள். அவர் குடையவில்லை.

"எந்த விடுதியில இருக்கீங்க?" என்றார்.

"பஸ் நிலையத்துக்கு எதுக்கால. இந்த அறையில ரெண்டு கட்டில். ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு."

"ஜன்னல் பக்கம் எது?"

"வந்து பாருங்க."

சாயங்காலம் விடுதிக்காரரிடம் போய் இன்னொரு சாவி கேட்டேன். கொடுத்தார்.

மார்ச் 21

குறட்டை. காது ஜவ்வு கிழிகிறது. வெயில் ஏறிய பிறகுதான் கண் விழித்தேன். இந்தப் பயணத்தில் இப்படித் தூங்கியது இதுதான் முதல்.

ஏப்ரல் 10, வியாழன்

கடைசி ஊருக்கு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் நான் நடைவழிப் பக்கம் உட்கார்ந்து வந்தேன். காலை நீட்டிக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது. அவர் ஜன்னலோரம் இருந்தால்தானே பலகை ஒழுங்காகத் தெரியும். வழியெல்லாம் படித்துக்கொண்டு வந்தார். டயர் கடை, கண் ஆஸ்பத்திரி, பாதை வேலை நடக்கிறது மெதுவாகச் செல்லவும். நடுவில் தண்ணீர் குடிக்கப் படிப்பதை நிறுத்தினார்.

"அந்த நீலப் போர்டு என்ன?" என்றேன்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, பின்னால் போய்க்கொண்டிருந்த பலகையை நிதானமாகப் படித்துச் சொன்னார்.

ஆற்றங்கரையில் என்னை நிற்க வைத்துப் படம் பிடித்தார். அதைப் பேத்திக்கு அனுப்பினோம். உடனே கூப்பிட்டாள்: "தையல் பாட்டி, உங்க முகம் சூப்பரா வந்திருக்கு. ஓரத்துல மட்டும் பெரிசா ஒரு விரல். வெட்டிட்டுப் போடவா?"

அப்படியே போடச் சொன்னேன்.