சனிக்கிழமை யூரியா

12 ஜூலை 2008, சனி
மூட்டம், லேசான தூறல். வகுப்பில் ஒரு பெண் என்றோ கேட்டாள்: "டீச்சர், வயல்ல போடுற யூரியா முழுக்க செடிக்குத்தான் போகுமா?" "பின்னே வேற எங்கே போகும்?" என்று உட்கார வைத்தேன். கெமிஸ்ட்ரி டீச்சர்! இன்று நினைத்தால் வெட்கம்.

நகரத்துக்கு வெளியே, மேட்சல் பக்கம் மருமகன் ரவியின் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். வாரநாளில் கச்சிபௌலியில் ஆபீஸ் வேலை, சனிக்கிழமை விவசாயம். யூரியாவை மூன்று தவணையாகப் போட நேரமில்லையாம். ஒரு மாதச் சாப்பாட்டை ஒரே வேளையில் ஊட்டுவதுபோல மூன்று மூட்டையையும் ஈர மண்மேல் வீசிவிட்டார். பாதிப் பங்குக்கு உழைக்கும் யாதம்மா, செடிக்குச் செடி குழி போட்டு மூடலாம் என்றாள். ரவி: "நக்கோ, வேண்டாம் யாதம்மா, ரெண்டு நாள் இழுக்கும். எனக்கு லீவு இல்ல."

15, செவ்வாய்
இரண்டு நாள் நல்ல வெயில். இன்று கொட்டும் மழை. யாதம்மா போன்: வயல் தண்ணீர் முழுக்க ஓடையில். வெயிலில் அம்மோனியாவாகக் காற்றோடு போனது போக மிச்சம் இப்போது தண்ணீரோடு. துணி காயவில்லை.

26, சனி
கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சள். ரவி: "இன்னும் ஒரு மூட்டை வீசினா சரியாயிடும் அத்தை." தலையில் அடித்துக்கொண்டேன். விளக்கினால், "ஹோம்வொர்க் உண்டா?" என்று சிரிப்பு. இந்தச் சோளம் போனால் யாதம்மா மறுபடி கச்சிபௌலிக்குச் செங்கல் சுமக்கப் போக வேண்டும். போன வருடம் பிடித்த முதுகுவலி இன்னும் விடவில்லை. அவள் ஒரு மஞ்சள் இலையை மடித்து மடித்துப் பார்த்தாள்.

27, ஞாயிறு
பேச்சு போதும். வயல் மண், யூரியா, இரண்டு டம்ளர். முதலாவதில் யூரியாவை மேலே தூவி, இரண்டாவதில் ஆழப் புதைத்து, தட்டால் மூடி வைத்தேன். மகள்: "மண்ணுக்கு என் காபி டம்ளர்தானா கிடைச்சுது, அம்மா?"

30, புதன்
முதல் தட்டைத் தூக்கிய ரவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீ! பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்!" இரண்டாவதில் வெறும் மண் வாசனை. மறுபடி முதலாவதை முகர்ந்தார். சிரிக்கவில்லை. "என் மூட்டையெல்லாம் இப்படித்தான் போச்சா?" பிறகு யாதம்மாவுக்கு போன், அரைகுறைத் தெலுங்கில்: குழி எவ்வளவு ஆழம்? வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருகிறேன், அரை மூட்டை மட்டும் கொண்டு வருகிறேன். இதை அன்றே கேட்டிருக்கலாம்.

31, வியாழன்
சோளம் தேறுமா, தெரியவில்லை. ரவி ஆபீஸில் இன்னும் நாலு சனிக்கிழமை விவசாயிகளாம். சீட்டு எழுதிக் கொடுத்தேன்:

இரண்டு டம்ளரில் ஈர மண். ஒன்றில் ஒரு ஸ்பூன் யூரியாவை மேலே தூவுங்கள். மற்றதில் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். தட்டால் மூடி, மூன்றாம் நாள் திறந்து முகர்ந்து பாருங்கள்.