கமலாசனி பெயரில் வாங்கிய பூக்கன்றுகள்

துணுக்காய்
மாசி 24, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நிருஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், வெள்ளைப் பசுவும் கன்றும் சுகம், கிணற்றடி அந்தூரியம் செத்துப் பிழைத்து இப்போது சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கக் குளக்கட்டுப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஃபோன் இருக்க அம்மாவுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ஃபோனில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள், அம்மா அதை விடுங்கோ, நான் கேட்டதுக்கு என்ன முடிவு என்று குறுக்கே விழுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது. தீபாவளிக்கு மறுநாள் நீ கேட்டாயே, புளியங்குளத்துச் சுமித்திராவைக் கட்டச் சம்மதமா என்று, அதற்குப் பதில் இந்தக் கடிதத்துக்குள்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்தாயோ, இதோடு வருகிற மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும் உறைக்காமல் போகட்டும். பக்கத்து வீட்டுக் கமலாசனி அக்காவின் மகன் சதீஸ் வியாழக்கிழமை சுவிஸுக்குத் திரும்புகிறான், அவனிடம்தான் இரண்டையும் கொடுத்துவிடுகிறேன். உறையைச் சோற்றுப் பருக்கை போட்டு நன்றாக ஒட்டியிருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப்போக விளங்கும்.

அன்றைக்கு நீ சொன்னதும் அப்பா சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். அது எங்கட ஆக்கள் இல்லை என்றுவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். அந்த மழைக்குள் வயலில் வெட்ட என்ன இருக்கிறது, வரம்பில் நனைந்துகொண்டு நின்றுவிட்டு, இருட்ட முதல் தும்மித் தும்மித் தடிமனோடு வந்து சேர்ந்தார். நானும் பெரிய உத்தமி இல்லை ராசா. மலைநாட்டு ஆக்கள் என்றதும் எனக்கும் மனம் ஒருக்கால் இடறியது, உன்னிடம் மறைப்பானேன். பிறகு யோசித்தேன். அப்பாவின் ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து இந்தக் காட்டுக்கு வந்தவர், அந்தப் பிள்ளையின் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர், இரண்டு பேரையும் கடித்தது ஒரே நுளம்பு, இரண்டு பேருக்கும் காய்ந்தது ஒரே மலேரியா. நுளம்பு பார்க்காத வித்தியாசத்தை நான் ஏன் பார்க்க வேண்டும். ஆனால் நுளம்புக்குப் பிடித்த எல்லாரையும் எனக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லையே, ஆளை நேரில் பார்க்க வேண்டாமா. பெண் பார்க்கப் போவதென்றால் தட்டு வேண்டும், சொந்தக்காரர் வேண்டும், அப்பா வேண்டும். பூக்கன்று வாங்கப் போவதற்கு ஒரு பை போதும். அவள் கண்டி வீதியோரம் பூக்கன்று விற்கிறவள் என்று நீ சொன்னது எவ்வளவு வசதியாய்ப் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முதல் நீ லீவில் வந்து நின்றபோது, தங்கச்சி சாரங்காவின் கலியாணப் பந்தலுக்குப் பாம் கன்றுச் சாடி வாடகைக்கு எடுக்கவென்று நாலு தரம் புளியங்குளம் போனதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்தது ஆறு சாடி. அதற்கு நாலு பயணம். அம்மாவை நீ நன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறாய், அதுதான் நானும் உன்னிடம் சொல்லாமல் போனேன்.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு நாள், முழங்கால் மருந்துக்கு மாங்குளம் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மாங்குளத்தில் பஸ் மாறிப் புளியங்குளம் போய் இறங்கினேன். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கன்றுகள், நடுவில் சேற்றுக் காலோடு அவள். உயரம் போதும், குரல் கொஞ்சம் கூடுதல். வாங்கோ அம்மா, பேர் என்ன, எங்க இருந்து வாறியள் என்றாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத வாயில் முதலில் வந்தது கமலாசனி என்ற பெயர்தான். ஊர் மல்லாவி என்றேன். இனி அவளைக் கேள்வி கேட்போம் என்று நான் இடுப்பில் கை வைக்க முதல் அவள் தொடங்கினாள் பார். வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, வெயில் எத்தனை மணிவரை விழும், கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளையாய்ப் படியுமா, மாடு கட்டி நிற்குமா அவிழ்த்து விடுவீர்களா, மாரிக்கு முற்றத்தில் வெள்ளம் நிற்குமா, நடுகிறது யார், தண்ணீர் விடுகிறது யார். கலியாணத் தரகர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். நான் ஒரு சிவப்புப் பூவைக் காட்டி அதைத் தா பிள்ளை என்றால், பூவைப் பாத்து எடுக்காதேங்கோ அம்மா, உங்கட வளவைப் பாத்து எடுங்கோ என்கிறாள். கடைசியில் அவள் சொன்னதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசல் படலைக்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் நடக் கடதாசிப் பூ, இங்கே எல்லாரும் போகன்வில்லா என்கிறார்களே அது. வேலியோரம் நந்தியாவட்டை இரண்டு. பசு கட்டுகிற பக்கம் குரோட்டன், அதை மாடு வாய் வைக்காதாம். எனக்கு ஆசையாக இருக்கிறதென்று ஒரு செவ்வரத்தையும் கேட்டேன், அதை மாடு தின்னும், பிறகு என்னை ஏசக்கூடாது என்று சொல்லித்தான் தந்தாள். மூன்றாம் நாள் பசு தின்றது. நான் ஏசவில்லை.

கன்றுகளைப் பார்த்ததும் அப்பா குதித்த குதி இருக்கிறதே. அரிவி வெட்டினால் நெல் எங்கே காயப்போடுகிறது, உன்ர தலையிலயோ என்று கேட்டார். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தவர், மூன்றாம் நாள் நான் பார்க்காத நேரம் கடதாசிப் பூவைச் சுற்றி என்ன செய்து வைத்திருந்தார் தெரியுமா. வயல் வரம்பு மாதிரி அழகாக வரம்பு கட்டி, உள்ளே தண்ணீர் மறித்து, வயலுக்கு வாங்கிய யூரியாவில் இரண்டு கைப்பிடி எறிந்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு, கண்டு மெலிஞ்சு கிடக்கு, பாக்க ஏலாமக் கிடந்தது என்றார். உன் அப்பாவுக்கு உலகத்தில் எது பச்சையாக இருந்தாலும் அது நெல்தான். கன்று ஒரு மாதத்தில் படலைக்கு மேலே போய்விட்டது, இலை என்றால் அப்படி இலை, பேருக்கு ஒரு பூ இல்லை. ரோட்டால் போகிறவர்கள், யோகலிங்கம் அண்ணை இது என்ன புதுக் கீரையோ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாம் முறை போனபோது நான் அவளோடு அடம் பிடித்தேன். பளபளவென்று சிவப்பாக அந்தூரியம் வைத்திருந்தாள், அதுதான் வேண்டும் என்றேன். அது நிழலில நிக்கிற கண்டு அம்மா, உங்கட முற்றத்து வெயிலுக்குக் கருகிப்போம், காசு வாங்க எனக்கு மனமில்லை என்றாள். விற்கிறவளே வேண்டாம் என்று சொல்லி நான் கேள்விப்பட்டது அன்றுதான். ஆனாலும் உன் அம்மா அல்லவா, கேட்பேனா. பறித்துக்கொண்டு வந்து வாசல் படிக்குப் பக்கத்தில் வைத்தேன். மழை விட்டு அடித்த வெயிலில் ஒரு கிழமையில் அப்பளம் மாதிரிப் பொரிந்துவிட்டது. தைப்பொங்கல் முடிந்த கையோடு அதையும் தூக்கிக்கொண்டு, பூக்காத கடதாசிப் பூவில் ஒரு கொப்பையும் முறித்துக்கொண்டு மூன்றாம் முறை சண்டைக்குப் போனேன். கன்று சரியில்லை என்று பழியை அவள் தலையில் கட்டினால் எப்படிக் கதைக்கிறாள் என்று பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். அவள் கொப்பைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். யூரியா போட்டது ஆர் அம்மா? நான் அவர்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது நெல்லு இல்லையம்மா, இதைப் பட்டினி போட வேணும், வரம்பை வெட்டி விடுங்கோ, இலை வாடித் தொங்கினால் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி, செல்லம் குடுத்தால் இலைதான் வரும், பூ வராது என்றாள். அதைக் கேட்டதும் உன்னை வளர்த்த வளர்ப்புத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கருகின அந்தூரியத்தை ஏன் கொண்டுபோனாய் என்று ஒரு சொல் இல்லை. நான் அப்பவே சொன்னனான் என்றும் இல்லை. வேரைக் கிளறிப் பார்த்து, உயிர் கிடக்கு, விட்டிட்டுப் போங்கோ என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்று தரமாவது சொல்லிக் காட்டியிருப்பேன், உனக்குத் தெரியும்தானே.

இனித்தான் கதை இருக்கிறது, நிமிர்ந்து இரு. மூன்று கிழமை கழித்து நாலாம் முறை போனேன். அந்தூரியம் புது இலை இரண்டு விட்டுப் பச்சையாக நிற்கிறது. அதைப் பையில் வைத்து என் கையில் தந்தவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்கிறாள், கமலாசனி அம்மா ஒரு உதவி, துணுக்காயில விமலேஸ்வரி அம்மா எண்டு ஒரு ஆள் இருக்கிறா, இதை அவாட்டக் குடுத்து, கிணத்தடி நிழலில வைக்கச் சொல்லுங்கோ, அவாவுக்கு இங்க வரக் கொஞ்சம் வெட்கம் போல. ராசா, என் சொந்தப் பெயரை அவள் வாயால் கேட்டதும் அந்தூரியத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பின்னால் உரம் அரித்துக்கொண்டு நின்ற தகப்பன் சுடலைமுத்து சிரித்த சிரிப்பில் அரிதட்டு கையை விட்டு விழுந்தது. முதல் நாளே தெரியுமாம். சாரங்காவின் கலியாணத்துக்குச் சாடி இறக்க அவளும் தகப்பனும்தான் வந்தார்களாம். ஈரச் சாடியைப் பாயில வைக்காத பிள்ளை, கண் தெரியேல்லையோ என்று நான் அவளை ஏசினேனாம். அந்தக் குரலை எப்பிடியம்மா மறக்கிறது என்று கேட்டு அவளும் சிரிக்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் இன்னொன்றும் சொன்னாள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் தேத்தண்ணி குடுத்தியள், எங்களுக்கு ஏச்சு மட்டும்தான் கிடைச்சது என்று.

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குப் பகிடியாக இருக்கவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பந்தல்காரருக்கு மறக்கவில்லையே. சரி, அதை விடு, அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அன்று பின்னேரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், முழங்கால் மருந்துப் பொய்யையும் சேர்த்து. அப்ப அந்தப் பட்டினி வைத்தியமும் அவள் சொன்னதோ என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் விடியப் பார்க்கிறேன், இவ்வளவு நாளும் கடதாசிப் பூவுக்குக் களவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தவர் வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடவில்லை. இலை வாடியது, பாதி கொட்டியது, அப்பா அந்தப் பக்கம் பார்க்க மனமில்லாமல் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். போன கிழமை ஒரு காலை படலையைத் திறந்தால், இலையைக் காணவில்லை மகனே, முழுக்கப் பூ. மாம்பழச் சிவப்பில் படலையை மூடிக்கொண்டு நிற்கிறது. அப்பா கதிரையைத் திரும்பவும் திருப்பிப் போட்டார்.

நேற்று நெல் கேட்டு வந்த வியாபாரி, அண்ணை இது எங்க எடுத்தது, என்ர வீட்டுக்கும் ஒண்டு வேணும் என்று கேட்டான். நான் குசினிக்குள் இருந்து காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அப்பா தொண்டையைச் செருமினார். புளியங்குளத்தில எங்கட பிள்ளை ஒண்டு கடை வச்சிருக்குது, போய் என்ர பேரைச் சொல்லு, ஆனால் யூரியா போட்டிடாத, அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது என்றார். எங்கட பிள்ளையாம். தீபாவளிக்கு எங்கட ஆக்கள் இல்லை என்ற அதே வாய். நான் வெளியே வந்து ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் திரும்பவும் மண்வெட்டியைத் தூக்குவார். அன்று அவருக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டேன்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் புளியங்குளம் போகிறோம். நீ இதை வாசிக்கிற நேரம் அனேகமாக அங்கேதான் நிற்போம், அதனால் ஃபோன் எடுத்துத் தொந்தரவு செய்யாதே, நான் எடுக்கமாட்டேன். தட்டில் பழம், வெற்றிலை எல்லாம் வைத்துத்தான் போகிறோம். அதோடு பெரிய பிளாஸ்க் நிறைய இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீரும் கொண்டுபோகிறேன். பெண் கேட்கப் போகிறவர்கள் தேத்தண்ணீர் சுமந்துகொண்டு போனதாக இந்த வன்னியில் ஒரு கதையும் இல்லை என்று அப்பா சொல்கிறார். இல்லாவிட்டால் இனி இருக்கட்டும். அவளுக்கும் தகப்பனுக்கும் என் கையால் ஊற்றிக் கொடுத்து, அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்து கேட்பேன். எங்கள் சம்மதம் பெரிய காரியம் இல்லை ராசா, இப்போது எனக்கு நெஞ்சிடி எல்லாம் அவள் சம்மதிப்பாளா என்றுதான். உன்னைக் கட்டச் சம்மதிப்பாள், அது தெரிந்ததுதான். இந்த மாமியாரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கச் சம்மதிக்க வேண்டுமே.

சாரங்காவுக்கு ஃபோன் எடு, சின்னவனுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது, மாமா படம் கேட்கவில்லை என்று அவளுக்குக் கோபம். நீ அனுப்பிய படத்தில் யன்னலில் நிற்கிற கன்றைப் பார்த்தேன், தண்ணீருக்குள் நிற்கிறது, தட்டில் தேங்கியதை ஊற்றிவிடு, கையை வைத்துப் பார்த்து மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடு. எது விளங்காவிட்டாலும் அப்பாவைக் கேளாதே, புளியங்குளத்தைக் கேள். மிளகாய்த்தூளைப் போத்தலில் போட்டு இறுக்கி மூடு. முக்கியமானது, என் பெயர் விஷயம் சதீஸின் காதில் விழக்கூடாது, அவன் தாயின் பெயரில் நாலு முறை கன்றுக் கடைக்குப் போனது தெரிந்தால் கமலாசனி அக்கா எனக்கு இனிமேல் கறிவேப்பிலை தரமாட்டா. குளக்கட்டுப் பிள்ளையார் உனக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தரட்டும், அவளுக்கு நிறையப் பொறுமை தரட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிராயிருக்கும் அம்மா
யோ. விமலேஸ்வரி
(ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கமலாசனி)