விரல் பட்டால் ஒரு பிளேன்டீ

ஜூலை 4, வெள்ளி

விடியற்காலையிலிருந்து தூறல். மல்லி காயப்போட முடியவில்லை.

எழுதி வைக்க வேண்டியவை. மூத்த பேரன் பிரதீபன் பேராதனையில் இஞ்சினியர் படிப்பு, ஒரு பாடமும் கோட்டை விட்டதில்லை. மகள் வீட்டுப் பேத்தி ஷாலினி மாத்தளையில் நர்ஸ். முதல் நாள் சீருடையை அயன் பண்ணிக் கொடுத்தது நான். அவள் தம்பி நீளம் பாய்தலில் மாகாணத்துக்கே இரண்டாவது. கடைக்குட்டி தனுஷ் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ். நான் படிப்பை நிறுத்திய வகுப்பில் அவன் பரிசு வாங்குகிறான். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் எவன் வீட்டில் இப்படி? காட்டட்டும்.

ரேவதி (இனி ரே.), என் மகன் மோகனின் மகள். ஹோட்டல் படிப்பு முடித்தவள். கட்டாரில் வேலை வந்தும் போகாமல், கண்டியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறை போட்டு கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினாள். பெயர்ப் பலகையும் அவளே தீட்டியது. இரண்டு மாதத்தில் வந்தது ஒரே ஆள். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

இன்று மோகன் சோற்றில் கை வைத்தபடியே சொல்லிவிட்டான்.

"மாசக் கடைசிக்குள்ள மூணு ரூமும் ஒருக்காவாச்சும் நெறையணும். இல்லாட்டி மேல டியூசன் கிளாசுக்குக் குடுத்துருவேன். நீ கட்டாருக்கு அப்ளை பண்ணு."

ரே. ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 5, சனி

மருமகளின் தம்பி சிவா கொழும்பிலிருந்து வந்தான். கறுப்புக் கண்ணாடி தலையில். கண்ணுக்கு எப்போது போடுவானோ. இண்டர்நெட் விளம்பரத்தில் புலியாம். மூன்று முட்டை தின்றது புலி.

"அத்தை, ஒருத்தர் ஃபோன்ல 'கண்டி ஹோட்டல்'னு தேடுனா, மொதல்ல மேல வர்றவங்க எல்லாம் விளம்பரக்காரங்க. அந்த வார்த்தைய ஏலத்துல எடுக்கணும்."

"வார்த்தைய ஏலம் போடுறது யாரு?"

"அந்தத் தேடிக் குடுக்குற கம்பனிதான்."

"கண்டிங்கிறது அவங்க அப்பன் வச்ச பேரா?"

சிரித்தான். சிரிக்கிற கேள்வியா அது?

விளங்கியது இவ்வளவு. பார்த்தால் காசில்லை, அமுக்கினால் நாங்கள் காசு கட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் ஆசைப்படுகிறார்களோ, அத்தனைக்கு விலை ஏறும். 'கண்டி ஹோட்டல்' என்ற சொல்லைப் பெரிய பெரிய ஆட்கள் கேட்பதால் ஒரு விரல் பட்டால் ஒரு பிளேன்டீ விலை, கடையில் பால் ஊற்றாத தேத்தண்ணிக்குக் கொடுக்கிற காசு. பெரஹரா திருவிழா நெருங்கினால் கொத்துரொட்டி விலை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ரே. ஒரு வரம்பு கட்டியிருக்கிறாள். அது தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும், மறுநாள்தான் முகம் காட்டும்.

நிறையப் பேர் அமுக்கினால் கம்பனி நமக்கு நல்ல மார்க் போடுமாம். இதைச் சொன்னது சிவா. நான் இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. கோயிலுக்குப் போகவில்லை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஞாபகம் வந்தது. கடைசி நாள் ஏலத்தில் அம்மன் கழுத்து எலுமிச்சம்பழத்துக்கு என் வீட்டுக்காரரும் கங்காணி மகனும் போட்டி. விலையை ஏற்றியது பழம் இல்லை, எதிரில் நின்றவன் வாய். அவன் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் மேலே இவர் கொடுத்தார், பழம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சொல் ஏலமும் அதேதானாம். அடுத்தவனை மிஞ்சுகிற அளவுக்குத்தான் எடுப்பார்களாம். ஆனால் அம்மன் ஒரு தடவைதான் வாங்கினாள். இவர்கள் விரலுக்கு விரல் வாங்குகிறார்கள். அம்மனைவிடப் பெரிய ஆட்கள்.

"கேக்குறதுதான் கேக்குற, மொத ஆளா நிக்கிற மாதிரி கேளு" என்றேன். சிவா கூட்டிப் போட்டான். சாயந்தரம் ஃபோனைக் காட்டினார்கள். எங்கள் பெயர் மேலே. பெரிய ஹோட்டல்காரன் எங்களுக்குக் கீழே. இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.

உடனே ஹேவாஹெட்டயில் இருக்கும் தங்கை பாக்கியத்துக்கு ஃபோன் கோல் எடுத்தேன். கடை திறந்தால் சொந்தம் வந்து வாசலில் நிற்க வேண்டும். கூட்டம்தான் கூட்டத்தைக் கூட்டும். இது தெரியாதவன் வியாபாரம் பேசக் கூடாது.

"நம்ம புள்ள பேரு மேல நிக்குது. தேடிப் பாரு. பாத்துட்டு அமுக்கு. மருமகளுங்களயும் அமுக்கச் சொல்லு."

"அக்கா, லயமே அமுக்கும்" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். கரண்ட் இரண்டு தடவை போனது.

காலைத் தேத்தண்ணி முடியும் முன்பே விளம்பரம் காணவில்லை. நேற்றும் அப்படியே. வரம்பு தீர்ந்துவிட்டதாம். அறை கேட்டு ஒருவரும் இல்லை. இரண்டு பையன்கள் மட்டும் பேசினார்கள்.

"மெடம், ஹோட்டல்ல வேலை இருக்குங்களா?"

'கண்டி ஹோட்டல் வேலை' என்று தேடுகிறவனுக்கும் எங்கள் விளம்பரம்தான் வருகிறதாம். அவன் அமுக்கினாலும் காசு போவது எங்களுக்குத்தான். வேலை தேடுகிறவனிடம் நாங்கள் காசு வாங்கவில்லை, அவனுக்காகக் கட்டுகிறோம். புலி வைத்த பொறி இது.

ஜூலை 9, புதன்

ரே. குசினிக்குள் வந்தாள். கையில் ஃபோன்.

"அப்பாயி, எந்த ஊர்ல இருந்து அமுக்குறாங்கன்னு இதுல காட்டுது. பாதிக்கு மேல ஹேவாஹெட்ட. அங்கருந்து யாரு நமக்கு ரூம் எடுக்க வாராங்க?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று உரித்தேன்.

"பாக்கியம் வீட்டு ஆளுங்க" என்றேன். "நாந்தான் சொன்னேன்."

"ஐயோ அப்பாயி! ஒரே ஃபோன்ல திரும்பத் திரும்ப அமுக்குனா கம்பனி அதக் கணக்குல கழிச்சாலும் கழிக்கும். நீங்க ஆளுக்கொரு ஃபோன்னு ஊரையே கூட்டிருக்கீங்க!"

"சொந்தக்காரன் தொட்டாக் கூடவா காசு?"

"அதுக்கு சொந்தம் தெரியாது."

அதைத்தான் நானும் சொல்கிறேன். சொந்தம் தெரியாதது. கடை வாசலில் நின்று பெயர்ப் பலகையைப் படித்த சொந்தக்காரியிடம் கூலி வாங்குகிற கடையை இந்த வயதில்தான் பார்க்கிறேன். அதை உலகமே மெச்சுகிறதாம்.

கொழும்புக்குத் திரும்பிவிட்ட சிவா ரே.யிடம் ஃபோனில் கத்தியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "கெழவிகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க?" கிழவியின் முட்டை மட்டும் அவனுக்கு இறங்கியது.

பாக்கியத்திடம் அமுக்காதே என்று சொன்னேன். "பாக்கவாச்சும் செய்யலாமா?" என்று கேட்டாள் பாவி. அவளுக்கும் பெருமைதான்.

ஜூலை 11, வெள்ளி

மலையே தெரியாத பனிமூட்டம்.

ரே. சிவாவின் சொற்களை எல்லாம் கழித்துவிட்டாள். 'வேலை' என்று தேடுகிறவனுக்குக் காட்டாதே என்று ஒரு தடை. 'கண்டி ஹோட்டல்' வேண்டாம். அதற்குப் பதில் நீளமாக ஒன்று: கண்டியில் குடும்பத்தோடு தங்க, சைவச் சாப்பாட்டோடு அறை. இப்படித் தேடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் தேடுகிறவன் நிச்சயம் அறைக்குத்தான் வருகிறான். பெரிய ஆட்கள் அந்தச் சொல்லைச் சீண்டுவதில்லை, அதனால் விலை மலிவு. ஒரு பிளேன்டீக்கு நாலு விரல்.

முதல் இடம் இல்லை என்று சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, பந்தியில் கடைசி இலைக்கும் சோறு வருகிறதுதானே என்று நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோல் வந்தது! ரே. கடைக்குப் போயிருந்தாள். நான் எடுத்தேன். யாழ்ப்பாணத்துப் பெண் குரல்.

"வணக்கம் அம்மா. நாங்கள் மூண்டு குடும்பம், மாசக் கடைசியில பெரஹரா பாக்க வாறம். மூண்டு அறையும் எங்களுக்கு வேணும். சைவச் சாப்பாடு கிடைக்கும்தானே?"

"கெடைக்கும்மா. என் கையால."

"நல்லது. உந்தப் படத்தில இருக்கிற நீச்சல் குளத்தில பிள்ளையள் குளிக்கலாமோ?"

எந்தக் குளம்? எங்கள் வீட்டில் குளிக்கிற தொட்டி ஒன்று, அதில் பாசி.

"அது எங்க வீடு இல்லைங்களே" என்றேன்.

"அப்ப ஏன் போட்டனீங்கள்?"

யோசித்துச் சொல்லுகிறோம் என்று அந்த அம்மா ஃபோனை வைத்துவிட்டார்.

ரே. வந்ததும் பார்த்தோம். சிவா எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம். நீலத் தண்ணீர், தென்னை மரம். எங்கள் மேட்டில் தென்னை எங்கே? அவளும் இதுவரை கவனிக்கவில்லை, மாமாதானே செய்தார் என்று விட்டிருக்கிறாள். அமுக்கி உள்ளே வந்தவன் படத்துக்கும் வீட்டுக்கும் பொருத்தம் இல்லை என்று உடனே திரும்பினால் மார்க் குறையுமாம். மார்க் குறைந்தால் அதே இடத்தில் நிற்க அதே சொல்லுக்குக் கூடக் காசு கேட்பார்களாம். அடுத்தவன் குளத்தைக் காட்டியதற்கு அபராதம். கம்பனி செய்ததில் நியாயமான காரியம் இது ஒன்றுதான்.

குளத்துப் படத்தைத் தூக்கிவிட்டாள். இப்போது படமே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டாதது போல. எடு என்றால் "வெளிச்சம் வரட்டும் அப்பாயி, இருட்டுல எடுத்தா ரூம் குகை மாதிரி இருக்கும்" என்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. மழை. மோகன் டியூசன் மாஸ்டரை மேலே கூட்டிப்போய்க் காட்டினான். அந்த ஆள் கட்டிலை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்றார். பெஞ்சு போட இடம் அளந்தார். ரே. படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். மாஸ்டருக்குத் தேத்தண்ணி கேட்டார்கள். சீனி போட மறந்துவிட்டேன். மறந்தே விட்டேன்.

ஜூலை 16, புதன்

மழை விட்டது. மலை முழுவதும் தெரிகிறது.

யாழ்ப்பாணத்து அம்மா திரும்ப எடுத்தார்.

"வேற இடமெல்லாம் ஆனை விலை சொல்லுறாங்கள் அம்மா. உங்கட வீடு எப்பிடியோ, அப்பிடியே ஒரு படத்தைப் போடுங்கோ. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள பாத்திட்டு மூண்டு அறையும் சொல்லுறம்."

ரேவதியிடம் சொல்லிவிட்டேன். சிவாவைக் கேட்காதே. மூன்று அறையையும் எடு. ஜன்னலுக்கு வெளியே மலையும் வரட்டும், பக்கத்து வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணித் தாங்கியும் வரட்டும். கொடியில் கிடக்கும் துணியை நான் எடுக்கப்போவதில்லை. துணி காயாத வீட்டில் எந்தக் குடும்பம் தங்கும்?

"நீங்களும் படத்துல நில்லுங்க அப்பாயி."

நிற்கிற வயதா எனக்கு? கதிரை கொண்டுவந்து போட்டால் உட்காருவேன். பச்சைச் சேலை. பாக்கியத்துக்கும் சொல்லியாயிற்று: பார், விரலை மடக்கிக்கொண்டு பார்.

ரேவதி, சிரித்துக்கொண்டு நிற்காதே பிள்ளை. வெயில் இருக்கும்போதே எடுத்துப் போடு.